நாற்பது நொடி கொள்ளாத எண்

அன்று காலை பத்தரை மணிக்கு கிறிஸ்தவ ஆலயத்தின் மணிக்கூண்டுக்குக் கீழே நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் தாசையன். அந்தச் சபையின் கப்பியார். ஆலயத்தைத் திறப்பது, பூட்டுவது, பெருக்குவது, மணி அடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அங்கே இல்லாதவர்கள் மூன்று பேர். எங்கள் பட்டறை முதலாளி ரிலே என்ற மின் உதிரி வாங்க நாகர்கோவிலுக்குப் போயிருந்தார். செல்வராஜ் குவைத்தில் ஒரு கிட்டங்கியில் வேலையில் இருந்தார். அவருடைய குரல் மட்டும் என் போனில் இருந்தது. மூன்றாவது ஆள் அவருடைய அம்மா ரோசம்மாள். அன்று காலை எட்டு மணிக்குத்தான் அவர் இல்லாமல் போயிருந்தார். எழுபத்தெட்டு வயது.

இந்த வெள்ளிக்கிழமையோடு இந்த மின்னணுப் பட்டறையில் என் எட்டு வருடம் முடிகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் நல்லதாக நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் முதலாளி. நல்லதாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் போன வாரம் உங்களில் ஒருவர், நான் கணினி நிரலில் ஒரு வரியைச் சுட்டிக் காட்டியபோது, "இன்ட் என்றால் இன்ட்தானே அண்ணா, அதில் என்ன?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் பெயரை எழுதமாட்டேன். அந்த டீ ஆறுவதற்குள் இதை எழுத ஆரம்பித்தேன்.

அதில் என்ன என்று சொல்கிறேன்.

என் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அம்மா அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் அச்சில் வந்தது எல்லாம் உண்மை என்று நம்புகிற வியாதி எனக்கு இருந்தது. கல்லூரிப் புத்தகத்தில் இன்ட் என்ற எண் வகைக்கு இரண்டு பைட் என்று போட்டிருந்தது; மைனஸ் 32768 முதல் 32767 வரை அதில் வைக்கலாம். மனப்பாடம் செய்தேன். ஆய்வகக் கணினியில் நிரல் எழுதும் பழைய நீலத் திரையும் அதையே சொன்னது. பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கினேன்.

பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு நேர்முகத் தேர்வு. இன்ட்டின் அளவு என்ன என்று கேட்டார்கள். இரண்டு பைட் என்றேன். கேட்டவர் சிரித்தார். தன் லேப்டாப்பைத் திருப்பி, ஒரு வரி எழுதி ஓட்டிக் காட்டினார். நான்கு என்று வந்தது. "எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் தம்பி?" என்றார். வேலை கிடைக்கவில்லை. எங்கள் கருங்கல் ஊர் வரும் வரை பஸ்ஸில் அந்தப் புத்தகத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன். அன்றோடு 32767 என்ற எண்ணைத் தலையிலிருந்து துடைத்துப் போட்டேன். இன்ட் என்றால் நான்கு பைட், இருநூறு கோடிக்கு மேல் கொள்ளும், கவலையே இல்லை.

எரிச்சல் என்னவென்றால், புத்தகமும் பொய் சொல்லவில்லை, சிரித்தவரும் பொய் சொல்லவில்லை. இந்த சி மொழி இருக்கிறதே, அது தன் இன்ட் எவ்வளவு பெரியது என்று எந்த இடத்திலும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. குறைந்தது பதினாறு பிட், அதாவது இரண்டு பைட் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அது கொடுக்கும் வாக்கு. மிச்சத்தை அந்தந்த எந்திரமும், நிரலை அதன் மொழிக்கு மாற்றும் கம்பைலரும் முடிவு செய்துகொள்ளும். லாங் என்ற இன்னொரு வகை, விண்டோஸில் நான்கு பைட், லினக்ஸில் எட்டு. ஜாவா எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்ட் எங்கே ஓடினாலும் முப்பத்திரண்டு பிட் என்று அது ஆணி அடித்து வைத்துவிட்டது. நம் வேலைக்கு ஜாவா வராது. நாம் நூற்றைம்பது ரூபாய்க் கணினிச் சில்லில் வண்டி ஓட்டுகிறவர்கள்.

அப்பா வெட்டும் மரங்களில் பால் பிடிக்கத் தேங்காய்ச் சிரட்டை கட்டியிருக்கும். எல்லாமே சிரட்டைதான், ஆனால் ஒன்று போல ஒன்று இருக்காது. எந்த மரத்தில் எந்தச் சிரட்டை என்று அவர் கைக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் மழைநாளில் எதை முதலில் எடுப்பது என்று ஓடுவார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் போனேன். சிரட்டை எல்லாம் ஒரே அளவு என்று நினைத்தவன் நான்தான்.

இனி மணி விஷயம்.

கருங்கல்லுக்கு மேற்கே ஒரு சபை. பெயர் வேண்டாம். செல்வராஜ் அந்தச் சபைக்காரர். ஆலயத்தின் பழைய மணிக்குத் தானியங்கிச் சுத்தியல் வைத்துத் தருவதாகச் சபைக்குச் சொல்லி, எங்களிடம் வந்தார். ஞாயிறு மணி, ஜெப மணி எல்லாம் நேரத்துக்குத் தானே அடிக்கும். ஆனால் அவருக்கு வேண்டியது அது இல்லை. பட்டறையில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை மணிய நீங்க எப்பிடி வேணும்னாலும் அடியுங்க தம்பி. எங்க அம்மை எந்திக்க முடியாம கெடையில இருக்கா. இந்தத் தடவ லீவு முடிஞ்சு போனா, இனி ரெண்டு வருசத்துக்கு கம்பெனிக்காரன் என்ன விடமாட்டான். எங்க சபையில துக்கமணிக்கு மூத்த மவன்தான் மொதல்ல கயிறு இழுக்கணும். நான் அங்கயிருந்து அடிக்கணும். நடக்குமா?"

"நடக்கும் சார்" என்றேன். நடக்கும். ஒரு சிம் கார்டு, ஒரு குறுஞ்செய்தி. வயதை அனுப்பினால் அத்தனை முறை அடிக்கும். அந்தச் சபையில் துக்கமணி அப்படித்தான்: வயதுக்கு ஒன்று. ஒவ்வொரு அடிக்கும் நடுவே கப்பியார் பரமண்டல ஜெபத்தை ஒருமுறை முழுதாகச் சொல்லி முடிப்பார். நான் அய்யாவழி வீட்டுப் பையன், அந்த ஜெபம் எனக்குத் தெரியாது. தாசையனைச் சொல்லச் சொல்லி போனில் நேரம் பார்த்தேன். இருபத்தெட்டு நொடி. முப்பது என்று வைத்தேன்.

இங்கேதான் ஒரு சிக்கல். துக்கமணியைச் சோதித்துப் பார்க்க முடியாது. இரண்டு அடி மெதுவாக விழுந்தால் போதும், வயலில் நிற்பவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வருவான், யார் போனது என்று. சும்மா அடித்துப் பார்த்தோம் என்று சொன்னால் நம் முட்டி இருக்காது. கெடையில் இருக்கிறவர்கள் வீட்டில் கேட்கவே வேண்டாம். தாசையன் தெளிவாகச் சொல்லிவிட்டார்:

"எல்லா மணியும் அடிச்சுப் பாரு. அத மட்டும் அடிக்கப்பிடாது. எனக்க பொணத்து மேலதான் அடிப்ப. அப்போ பாத்துக்க."

ஆகவே சுத்தியலின் ஒயரைக் கழற்றிவிட்டு, அது அடிக்கும்போது மின்ன வேண்டிய சிவப்பு விளக்கை மட்டும் பார்த்தோம். முப்பது நொடிக்கு ஒருமுறை மின்னியது. தாசையன் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து இருபதுவரை எண்ணினார். சரி என்றார். பழைய கயிற்றை அவிழ்க்கட்டுமா என்று கேட்டேன். "அது ஒனக்கிட்ட சோறு கேக்குதா? கெடக்கட்டு" என்றார்.

செல்வராஜ் குவைத்துக்குப் போனார். ஒரு வாரம் கழித்துத் தாசையன் போன் செய்தார்.

"மக்கா, அண்ணைக்கு நான் சொன்னது வெப்ராளத்துல வேகமா சொன்னது. நீ போனத் தூக்கிப் பிடிச்சிட்டு நின்னா மனுசன் ஓடத்தான செய்வான்? துக்கத்துல அப்பிடிச் சொல்லப்பிடாது. நான் வீட்டுல இருந்து மெதுவா சொல்லிப் பாத்தேன். நாப்பது போடு."

முப்பதை நாற்பது ஆக்க வேண்டும். ஒரு எண். நிரலை என் லேப்டாப்பில் ஓட்டினேன். நாற்பது நொடிக்கு ஒருமுறை பீப் என்றது. முதலாளி அந்தப் பக்கம் போகிறவர் நின்று கேட்டார்:

"போர்டுல போட்டுப் பாத்தியா?"

"ஓடும் சார். நம்பர் மட்டுந்தான் மாத்தியிருக்கேன்."

ஒரு நிமிடம் நின்று என்னைப் பார்த்தார், பிறகு போய்விட்டார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் புரிய எனக்கு ஐந்து மாதம் ஆனது.

மறுநாள் கூண்டில் ஏறினேன். உள்ளே சில் இருக்கும் போர்டுக்குப் பக்கத்திலேயே குளவி கூடு கட்டியிருந்தது. புதிய நிரலை ஏற்றினேன், கழுத்தில் ஒன்று போட்டது, இறங்கி ஓடி வந்துவிட்டேன். மறுபடி ஏறி, சுத்தியல் ஒயரைக் கழற்றி, சிவப்பு விளக்கை நாற்பது நொடி பார்த்திருக்க வேண்டும். நாற்பதுகூட வேண்டாம், இரண்டாவது நொடியிலேயே தெரிந்திருக்கும். இன்றுவரை நினைத்தால் கழுத்து கடுக்கிறது, குளவி கொட்டிய அதே இடத்தில்.

என்ன ஆயிற்று என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் கவலைப்படுங்கள். நொடியை மில்லி நொடியாக்க ஆயிரத்தால் பெருக்கியிருந்தேன். முப்பதாயிரம், சரி. நாற்பதாயிரம் என் லேப்டாப்பின் நான்கு பைட் இன்ட்டில் சரி. கூண்டில் இருந்த சில்லின் இன்ட் இரண்டு பைட். 32767-க்கு மேல் கொள்ளாது. சிரட்டை நிறைந்தால் பால் வழியும், கண்ணால் பார்க்கலாம். இது வழியாது. சத்தமே இல்லாமல் மைனஸ் 25536 ஆகிவிடும். "கடந்த நேரம், இடைவெளியைவிட அதிகமா?" என்று நிரல் கேட்கும். எந்த நேரமும் மைனஸ் இருபத்தையாயிரத்தைவிட அதிகம்தான். அடி. உடனே அடி. மறுபடி அடி.

நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய அதே எண். தலையிலிருந்து துடைத்துப் போட்ட அதே எண்.

ஐந்து மாதம் ஞாயிறு மணி எல்லாம் ஒழுங்காக அடித்தது. அதற்கு இடைவெளி இரண்டு நொடிதான். சபையில் என்னைக் கண்டால் கை கொடுத்தார்கள்.

பிறகு அந்தக் காலை. தாசையன் போன் செய்தார், ரோசம்மாள் போய்விட்டார், முதல் தடவை என்பதால் வந்து பக்கத்தில் நில் என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். செல்வராஜ் என்னை அழைத்தார். கிட்டங்கிக்கு வெளியே வெயிலில் நிற்பதாகச் சொன்னார்.

"போனத் தூக்கி மணிக்கு நேரா பிடிங்க தம்பி. நான் அனுப்புதேன்."

பிடித்தேன். எழுபத்தெட்டு என்று அனுப்பினார். முதல் அடி விழுந்தது. கணீரென்று, அழகாக. தாசையன் தலையைக் குனிந்து ஜெபத்தைத் தொடங்கினார். முதல் சொல்லைத் தாண்டவில்லை. இரண்டாவது அடி. மூன்றாவது. நொடிக்கு ஒன்றாகச் சுத்தியல் போட்டுத் தள்ளியது.

இந்தப் பக்கத்து ஊர்களில் மணி அப்படி விடாமல் அடித்தால் ஒரே அர்த்தம்தான். ஆபத்து. கிணற்றில் யாரோ விழுந்துவிட்டார்கள், இல்லை தீ. துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து ஓடி வந்தார்கள். குடத்தோடு இரண்டு பெண்கள், வடக்கயிற்றோடு ஒருவர். "எங்கவே தீ? யாருக்க வீடு?" என்று கத்திக்கொண்டு.

"ஏலே, என்னதாம்ல அடிக்குது இது! கம்பியப் புடுங்குலே!" தாசையன் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். மெயின் சுவிட்ச் என் தோளுக்கு நேரே சுவரில் இருந்தது. கை நீட்டினால் போதும். நான் லேப்டாப்பைத் திறந்தேன். எந்த வரியில் தப்பு என்று தேட ஆரம்பித்தேன். ஊர் முழுக்க ஓடி வருகிறது, ஒரு மகன் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறான், நான் தப்பு எந்த வரியில் என்று தேடுகிறேன். முதலில் நிறுத்து. காரணம் அப்புறம். இதை உங்கள் மேஜையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

நான் நிறுத்துவதற்குள் அதுவாகவே நின்றது. எழுபத்தெட்டு முடிந்திருந்தது. ஐம்பத்திரண்டு நிமிடம் அடிக்க வேண்டியதை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டது.

போனில் செல்வராஜ் கேட்டார்:

"தம்பி... கழிஞ்சா? அம்மைக்கு அம்புட்டுதானா?"

"சார், ஒரு சின்ன டெக்னிக்கல்..." என்று ஆரம்பித்தேன். அந்த 'சின்ன' என்ற சொல்லை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

தாசையன் போனை என் கையிலிருந்து பறித்தார்.

"மக்கா செல்வராசு, தாசையனாக்கும். கேக்குதா? இப்ப அடிச்சது மணி இல்ல, கேட்டியா. மிசினுக்குப் பைத்தியம் பிடிச்சிட்டு. ஒங்க அம்மைக்கு இன்னும் மணி அடிக்கல. நீ அங்க நின்னு ஜெபத்தச் சொல்லு. நீ ஆமென் சொல்லும்ப நான் இழுக்கேன். நீதான் அடிக்க, நான் வெறும் கயிறு."

"எழுவத்தெட்டும் சொல்லணுமா மாமா?"

"வேற யாருக்கு வச்சிருக்க? ஒனக்கு ஜோலி இருக்கா?"

"ஜோலி கெடக்கட்டு."

தாசையன் என்னைப் பார்த்தார். "நீ போனப் பிடி. ஒழுங்காப் பிடி. அதாவது தெரியுமா?"

பிடித்தேன். ஒலிபெருக்கியைப் போட்டு, கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றேன். குடம் கொண்டுவந்தவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். செல்வராஜ் சொல்லத் தொடங்கினார். ஆமென் என்றதும் கயிறு இறங்கியது. முதல் இடைவெளி முப்பத்தெட்டு நொடி. பழக்கம் விடவில்லை, மனதுக்குள் எண்ணினேன். இருபது தாண்டியதும் ஐம்பது நொடி ஆனது. நாற்பத்தேழாவதில் பாதி ஜெபத்தில் குரல் நின்றுவிட்டது. தாசையன் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனது. பிறகு விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்ந்தார். கயிறு இறங்கியது. நான் அதோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. என் கை மரத்துப் போயிருந்தது, போன் சுட்டது. தாசையனின் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. ஐந்து மாதமாகக் கயிறு தொடாத கை.

மாலையில் முதலாளி வந்தார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். "சரி, சரி பண்ணு, நான் இருக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடைவெளியைப் பெரிய வகைக்கு மாற்றினேன்; அளவைப் பெயரிலேயே சொல்லும் வகை, முப்பத்திரண்டு பிட். "முடிஞ்சுது சார்" என்றேன். அவர் பட்டறையில் இருந்த இன்னொரு போர்டை நீட்டினார். ஏற்றி ஓட்டினேன். விளக்கு மறுபடியும் பேய் பிடித்த மாதிரி மின்னியது. ஏன் என்று கேளுங்கள். பெரிய பாத்திரம் வைத்தேன், ஆனால் பெருக்கிய இரண்டு எண்களும் பழைய சிறிய இன்ட். பெருக்கல் சிறிய அளவிலேயே நடந்து, அங்கேயே வழிந்து, அந்த மைனஸ் 25536 தன் பெரிய வீட்டில் வசதியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. பெருக்குவதற்கு முன்பே பெரிதாக்க வேண்டும். ஒரே நாளில் ஒரே குழியில் இரண்டு தடவை விழுந்தேன். இரண்டாவது தடவை போர்டில் பார்த்ததால் யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்திரம் இப்போதும் அங்கே ஞாயிறு மணி அடிக்கிறது. துக்கமணியை நிரலிலிருந்தே எடுத்துவிட்டோம். எடுக்கச் சொன்னது சபை இல்லை, நான். எத்தனை பிட் வைத்தாலும் நாற்பத்தேழாவது இடைவெளி எவ்வளவு என்று எனக்கு எழுதத் தெரியாது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இன்ட் என்று தட்டும்போதெல்லாம், எந்தச் சில்லில், எத்தனை பிட், அதில் வரக்கூடிய மிகப் பெரிய எண் எது என்று கேளுங்கள். கணினியே எழுதித் தந்த நிரல் என்றாலும் கேளுங்கள்; அதற்கு நம் கூண்டில் எந்தச் சில் இருக்கிறது என்று தெரியாது. "ஓடும்" என்று என்னிடம் யாரும் சொல்லாதீர்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். குளவி இருந்தாலும்.

முதலாளி அந்த வாரமே எந்திரத்தின் விலையை முழுதாகச் செல்வராஜுக்குத் திருப்பி அனுப்பினார். அவர் அதைச் சபைக்குக் கொடுத்துவிட்டார். நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். அன்று ஒன்றரை மணி நேரம் வேலையை விட்டு வெளியே நின்றதற்காக அவருக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று தாசையன் வழியாகக் கேள்விப்பட்டு, அதையும் தருகிறோம் என்று நானே போன் செய்தேன். "அது வேண்டாம் தம்பி, அது அம்மைக்கு உள்ளது" என்றார்.

மூன்றரை தினார்.